தெளிந்த பார்லித் தண்ணீர்

ரசத்தில் இரண்டு பாகம் உண்டு. மேலே நிற்பது தெளிவு, அடியில் தங்குவது மண்டி. மற்ற வீடுகளில் இரண்டையும் கலக்கித்தான் ஊற்றுவார்கள். மாஜிஸ்திரேட் வீட்டில் ரசப் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகு அதன் பக்கத்தில் யாரும் வேகமாக நடக்கக்கூடாது. அவர் மனைவி கரண்டியை மேலாக வைத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துவதுபோல மெதுவாக மொண்டு ஊற்றுவார். ஊற்றிய ரசத்துக்கு அடியில் இலையின் நரம்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"என்ன இது?"

"ரசந்தான்."

"தெளிவாச் சொல்லு. ரசமா, கொழம்பா?"

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். யுத்த காலத்தில் நான் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக வந்து சேர்ந்தபோது, தனியாக வந்த சின்னப் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஊரில் எல்லோரும் யோசித்தார்கள். அவர் யோசிக்கவில்லை. என்ன படித்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

"மருந்து கலக்கப் படிச்சிருக்கேங்க."

"கலக்குறது எவனும் கலக்குவான். தெளிய வைக்கத் தெரியுமா?"

"வடிகட்டத் தெரியுங்க. வண்டல் எறக்கவும் தெரியும்."

"பின்கட்டு ஒனக்குத்தான். சாமான் எங்கெ இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் கோர்ட்டில் என்ன செய்தார் என்பதை அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு விவசாயி சாட்சி சொல்ல வந்தாராம். பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டியதைக் கண்ணால் பார்த்தவர். வந்தபோது தெளிவாகத்தான் வந்திருக்கிறார். இவர் மேசையைத் தட்டி, "தெளிவாச் சொல்லு" என்றிருக்கிறார். அவர் மறுபடி சொன்னார். இன்னும் தெளிவாக என்று இவர் தட்டினார். தட்டத் தட்ட மனிதர் கலங்கி, முதலில் இருட்டாக இருந்தது என்றார், பிறகு அது தன் வயல்தானோ என்றார், கடைசியில் வரப்பை வெட்டியதே தான்தான் என்று ஒப்புக்கொண்டு கும்பிட்டார். "எப்படித் தெளிவா வந்துச்சு பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். வழக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

திருட்டுக் கள் வழக்குகளில் அவர் இரக்கமே காட்டியதில்லை. ஓய்வு பெற்றதும் ஊரில் மதுவிலக்குச் சபை ஆரம்பித்து அவரைத் தலைவராக்கினார்கள். மேடையில் ஒரு கண்ணாடிக் குவளையில் கள்ளை ஊற்றித் தூக்கிக் காட்டுவார். "இதுக்குள்ள ஏதாவது தெரியுதா? இதைக் குடிக்கிறவன் புத்தியும் இப்படித்தான் இருக்கும்" என்பார். கூட்டம் கைதட்டும். கள்ளின் மேல் அவருக்கிருந்த கோபம் போதைக்காக அல்ல, கலங்கலுக்காக என்பது கைதட்டியவர்களுக்குத் தெரியாது.

அவருக்குக் கல்லடைப்பு இருந்தது. இது பொய்யல்ல. பார்லித் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளப்பில் ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் அதற்கு விளக்கம் கொடுத்திருந்தார்: பீரும் பார்லியிலிருந்து வருகிற தண்ணீர்தான், சாதாரண பார்லித் தண்ணீரைவிடத் தெளிவானது, அவ்வளவுதான். தெளிவானது என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் ஒரு பாட்டில் என்று வைத்தியம் ஒழுங்காக நடந்தது.

யுத்தத்தில் கப்பல் நின்றது. ஊரில் மற்றவர்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். அவருக்குக் கிளப் அலமாரி காலியானது.

ஒருநாள் காலையில் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இங்கிட்டு வா. பார்லியை எப்படி முளைக்க வைக்கிறது?"

"டப்பா பார்லி முளைக்காதுங்க ஐயா. முளையையும் தோலையும் தீட்டி எடுத்துட்டுத்தான் டப்பாவுல அடைக்கிறாங்க."

"நான் முளைக்க வைக்கிறேன் பாரு."

ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டார். முளை வரவில்லை, நாற்றம் வந்தது. "ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கு, நாறுது" என்றார் அவர் மனைவி.

நான் உதவி செய்ததற்கு மூன்று காரணங்கள். ஒன்று, அவர் எனக்கு வீடு கொடுத்தவர். இரண்டு, அவர் நோயாளி. மூன்று, மாவு சர்க்கரையாவதையும் சர்க்கரை சாராயச் சத்தாவதையும் நான் பாடத்தில் படித்து எழுதித் தேறியிருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. மூன்றாவதுதான் காரணம். மற்ற இரண்டும் கேட்கிறவர்களுக்குச் சொல்ல.

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கச் சொன்னேன். டப்பா பார்லியைக் கஞ்சியாக வேகவைத்து, விரல் பொறுக்கிற சூட்டில் அந்த மாவைக் கலந்து மூடி வைத்தால் கஞ்சி இனிக்கத் தொடங்கும். இனித்தது. அதை வடித்துக் கொதிக்கவைத்தோம். கசப்புக்கு வெளிநாட்டுப் பூ ஒன்று போடுவார்கள், அது கிடைக்காது என்றேன். நிலவேம்பு கிடைக்குமே என்று அவரே ஒரு கை அள்ளிப் போட்டார்.

அடுத்தது புளிக்கவைப்பது. அதற்குக் கள்ளின் மண்டி கொஞ்சம் வேண்டும் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என் வீட்டுக்குள்ள கள்ளா? சபைத் தலைவர் வீட்டுக்குள்ளயா?"

ரொட்டிக்கடையில் மாவு புளிக்கக் கள்தான் ஊற்றுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மறுநாள் அவரே போய் ஒரு உருண்டை புளித்த மாவு வாங்கிவந்தார். "இது ரொட்டி" என்றார். தெளிவாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாடகை வீடு.

முதல் ஈடு ஊறுகாய் ஜாடியில் நுரைத்து அடங்கியது. எருமை இறங்கி ஏறிய ஊருணித் தண்ணீர் போல இருந்தது. அவர் அதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தார். இதுதான் அவருடைய பரீட்சை, கடைசிவரை மாறவில்லை. அன்றைக்குப் பத்திரிகையின் பெயர்கூடத் தெரியவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு நிலவேம்பின் கசப்பில் முகம் சுருங்க டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆனால் வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பார்லித் தண்ணீர் என்றால் கலங்கலாகத்தானே இருக்கும்? அவர் மனைவி ஜாடியின் மேல் சுண்ணாம்பால் 'பார்லி' என்று எழுதி வைத்தார். தானும் மத்தியானத்தில் ஒரு டம்ளர் குடிப்பார். "வெயிலுக்கு எதமா இருக்குத்தா. ஒனக்கும் ஊத்தவா?" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் நழுவிவிடுவேன். சபைக்காரர்கள் யார் வந்தாலும் அதையே கொடுப்பார். அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தியாகம் செய்கிறவர்களைப் போல, தலைவரின் மருந்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். கலங்கல் இருந்தவரை அந்த வீட்டின் மானத்துக்கு ஒரு குறையும் இல்லை.

அவருக்கோ தெளிவு வேண்டும். கலங்கலுக்குக் காரணம் என்ன என்று நான் முறையாகப் பார்த்தேன். சர்க்கரையாகாத மாவு ஒரு காரணம். ஒரு சொட்டு அயோடின் விட்டதும் நீலமானது. இன்னும் கொஞ்சநேரம் மூடி வைக்கச் சொன்னேன், அது சரியாயிற்று. புளிக்கவைக்கிற ஈஸ்ட் ஒரு காரணம். வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தாலும் அது இறங்கிவிடும், தானாக அடியில் படிந்தால்தான் உண்டு. ஜாடியை ஈர மணலில் புதைத்து அசையாமல் விடச் சொன்னேன்.

மூன்றாவது காரணம் அவரேதான். அவரால் அசையாமல் விட முடியவில்லை. காலையில் மூடியைத் திறந்து சாய்த்துப் பார்ப்பார். குளித்துவிட்டு வந்து பார்ப்பார். நான் வேலை முடிந்து வரும்போது ஜாடியைத் தூக்கிக்கொண்டே எதிரில் வருவார்.

"தெளிஞ்சிருச்சா பாரும்மா!"

"நீங்க தூக்குற வரைக்கும் தெளிஞ்சிருந்திருக்குங்க."

"என்ன சொல்றே? தெளிவாச் சொல்லு."

"கீழே வைங்க ஐயா. வச்சிட்டு அங்கிட்டுப் போயிருங்க."

வைப்பார். போகமாட்டார். வல்லத்திராக்கோட்டை சாட்சியை விசாரித்ததுபோலவேதான் ஜாடியையும் விசாரித்தார்.

நடுவில் ஒருமுறை, பாட்டிலில் அடைத்தால் தெளியும் என்று சோடாக்கடையிலிருந்து கோலி சோடா பாட்டில்கள் வாங்கிவந்து ஊற்றிவைத்தார். வாயு சேர்ந்து பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று எதிர்வீட்டுக்காரர் கட்டிலுக்கடியில் புகுந்தார். பார்லிக்கு இவ்வளவு வேகமா என்று மட்டும் பிறகு வந்து கேட்டார். "கல்லையே ஒடைக்கணும்ல" என்றார் மாஜிஸ்திரேட்டின் மனைவி.

தேத்தாங்கொட்டை யோசனை அந்த அம்மாளுடையது. ஊருணித் தண்ணீர் கொண்டுவந்தால் குடத்துக்குள் அந்தக் கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றுவார்கள், சேறெல்லாம் கீழே போய்விடும். "குடிக்கிற தண்ணிக்கு ஒரைக்கிறேன்ல, இதுக்கும் ஒரைச்சு விட்டா என்ன?" என்று ஜாடியின் உள்பக்கம் உரைத்துவிட்டு ஊற்றினார். அன்று மாலையே அன்னவாசலில் ஒரு கல்யாணத்துக்கு மாஜிஸ்திரேட் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் கல்லடைப்பு வலி கண்டு அங்கேயே படுத்துவிட்டார். அவர் திரும்பி வருகிறவரை ஜாடியை யாரும் தொடவில்லை.

வந்தார். வண்டியிலிருந்து இறங்கி நேரே மணலுக்குப் போனார். மெதுவாக ஒரு டம்ளர் மொண்டார். எலுமிச்சைப் பழம் பழுத்த நிறம். உள்ளே சின்னச் சின்ன முத்துகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. பின்னால் செய்தித்தாளைப் பிடித்தார். தலைப்பு தெரிந்தது. கீழே செய்தி தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல அச்சடித்திருந்த ஏல விளம்பரத்தை உரக்க வாசித்தார். வாசிக்கும்போது குரல் உடைந்தது. யாரோ ஒருவரின் வீடு ஏலத்துக்கு வந்திருப்பதற்காக அவர் கலங்குகிறார் என்று வெளியில் போன தபால்காரர் நினைத்திருப்பார்.

"எல்லாம் தேத்தாங்கொட்டை" என்றார்.

கொட்டைக்கு எவ்வளவு பங்கு, அவர் ஊரில் இல்லாததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

"எப்படி இருக்குன்னு தெளிவாச் சொல்லும்மா."

"வண்டல் இல்லைங்க. நெறம் ஒரே சீரா இருக்குங்க."

"அது கண்ணால பாத்துச் சொல்றது. குடிச்சவன்ல சொல்லணும்?" என்றார்.

அங்கிருந்துதான் அவருடைய உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை, குடித்துப் பார்த்து, இது நல்ல பீர் என்று ஒரு மனிதர் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் சபைத் தலைவர் பதவியும் ஊரில் அவருக்கிருந்த மரியாதையும் போய்விடும். சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

சபையின் ஆண்டுக் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. வெண்கல டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளரில்தான் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் நின்று சொன்னார். தட்டு வந்தது. எப்போதும்போல முகத்தைச் சுளிக்கத் தயாராக எல்லோரும் கையை நீட்டினார்கள். நீட்டிய கைகள் நடுவில் நின்றன.

சபையின் காரியதரிசி ஒரு ஜவுளிக்கடைக்காரர். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். மெதுவாக ஒரு வாய் குடித்தார். கண் தானாக மூடியது, பிறகு அவசரமாகத் திறந்தது.

"என்னங்க இது?"

"பார்லித் தண்ணி. கல்லடைப்புக்கு. நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

"பார்லித் தண்ணி மாதிரிதாங்க இருக்கு."

"மாதிரியா? என்னன்னு தெளிவாச் சொல்லுங்க."

காரியதரிசி பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் டம்ளரைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் அது என்னவென்று தெரியாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்திருக்கலாம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பழைய சிநேகிதனைச் சந்தையில் கண்டுவிட்டு, மனைவி கூட இருப்பதால் கூப்பிட முடியாமல் நிற்பவர்கள் போல இருந்தார்கள். இது பீர் என்று சொல்கிறவர், உமக்கு எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பார்லிதாங்க. சந்தேகமே இல்லை" என்றார் வக்கீல். "இன்னொரு டம்ளர் கெடைக்குங்களா?"

கள்ளுக்கடைகளை உடனே மூட வேண்டும் என்ற தீர்மானம் அந்த ஆண்டு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவும் வழக்கத்தைவிட உற்சாகமாகவும் நிறைவேறியது.

எல்லோரும் போன பிறகு அவர் காலி டம்ளர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தன் சொல்லலையேம்மா" என்றார். "அத்தனை பேரும் படிச்சவன். அத்தனை பேருக்கும் தெரியுது. ஒருத்தன் வாயில தெளிவா ஒரு வார்த்தை வரலையே."

அதற்குப் பிறகு புதுக்கோட்டையில் கல்லடைப்பு பரவியது. முதலில் காரியதரிசிக்கு வந்தது, அப்புறம் வக்கீலுக்கு. நான் வேலை பார்ப்பது பெண்கள் ஆஸ்பத்திரி என்று தெரிந்தும் சபைக்காரர்கள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"பார்லித் தண்ணி குடிச்சாக் கேக்கும்னு சொல்றாங்களேம்மா?"

"குடிங்க. எந்தக் கடையிலயும் டப்பா பார்லி கெடைக்கும்."

"அது இல்லம்மா. தலைவர் வீட்டுல குடுக்குறாங்களே, அந்தத் தெளிஞ்ச பார்லி."

இடுப்பில் வலி எந்தப் பக்கம் என்று கேட்டால் வலது என்று சொல்லி இடது பக்கத்தைப் பிடிப்பார்கள்.

யுத்தம் முடிந்தது. சமஸ்தானமும் முடிந்தது. புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. ஒரு காலையில் அவர் டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, நம் ஊருக்கும் மதுவிலக்குச் சட்டம் வருகிறது என்ற செய்தியை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். "ஒத்தெழுத்துக்கூட மங்கலை பாரு!" என்றார். என்ன வாசித்தார் என்பது அவருக்கு மறுபடி நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது. இனிமேல் வேண்டாம் என்றேன். சரி என்றார். அடுத்த வாரம் தாழ்வாரத்தில் கேழ்வரகு காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். முற்றத்தில் அவர் மறுபடி அடைத்து நிறுத்தியிருந்த சோடா பாட்டில் ஒன்று பலமாக வெடித்தது. தெருவில் போன போலீஸ்காரர் ஒருவர் நாட்டுவெடி என்று நினைத்து உள்ளே ஓடி வந்துவிட்டார். முற்றமெங்கும் மஞ்சள் நுரை. போலீஸ்காரர் நின்றார். மூக்கு ஒருமுறை விரிந்தது.

"என்னங்கய்யா இது?"

"பார்லித் தண்ணி தம்பி" என்றார் அந்த அம்மாள். "அவுகளுக்குக் கல்லடைப்பு."

போலீஸ்காரர் வெடிக்காத பாட்டில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார். அப்படியே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஐயா, நான் அன்னவாசல். எங்க சித்தப்பாவுக்கு ஒங்க கோர்ட்டுலதான் தண்டனை ஆச்சு, கள்ளு கேசுல. அதையெல்லாம் மனசுல வச்சுக்கலைங்க. பெரியவக நீங்க. பார்லித் தண்ணின்னே எழுதிக்கிட்டுப் போயிர்றேன்."

வீட்டின் மானம் அந்த நேரத்தில் தப்பிவிட்டது. அவர் பேசாமல் இருந்தால் போதும். நான் அவரைப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஏன் கலங்கலாப் பேசுறே? ஒரு வாய் குடிச்சுப் பாரு. பாத்துட்டு என்னன்னு தெளிவாச் சொல்லு."

"டூட்டியிலங்கய்யா?"

"பரிசோதனை பண்ணாம எப்படி எழுதுவே?"

போலீஸ்காரர் கோலியைக் கட்டைவிரலால் அமுக்கினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"பீருங்கய்யா."

"எப்படிப்பட்ட பீரு?"

"நல்ல பீருங்க. நான் பட்டாளத்துல இருந்தவன், அங்கெகூட இம்புட்டுத் தெளிவா எனக்குக் கெடைச்சதில்லைங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சபையின் தீர்மானம், நீக்கம், கோர்ட்டு, காரியதரிசிக்கும் வக்கீலுக்கும் ஒரே நாளில் கல்லடைப்பு குணமானது எல்லாம் பின்னால் வந்தவை. அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் இருந்தது போல ஒரு நிம்மதியை நான் வலி நின்ற நோயாளிகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"எழுது" என்றார். "நல்ல பீரு, தெளிவாக இருந்ததுன்னு எழுது. நான்தான் செஞ்சேன்னு எழுது."

தூணோரம் நின்றிருந்த அவர் மனைவிக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"இந்த ஒரு சொல்லுக்கா இத்தனை வருசம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தீக? ஊருல போறவன் வாரவன் எல்லாத்தையும் கேட்டீகளே, என்னை ஒரு நாளாச்சும் கேட்டீகளா? தெனம் மத்தியானம் குடிக்கிறவ நான். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்ல? இது என்ன பெரிய பீரு. அன்னவாசல் போய்ப் படுத்துட்டு வந்தீகளே, அன்னைக்கு வந்துச்சு பாருங்க, அதுதான் பீரு."

பேனாவை எடுத்த போலீஸ்காரர் அந்த அம்மாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா சொன்னதையும் எழுதணுங்களா ஐயா?"

மாஜிஸ்திரேட் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை மட்டும்" என்றார், "கொஞ்சம் கலங்கலா எழுதிக்க."